முகத்துவாரத்தில் இரண்டு தூண்கள்

என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு வருஷம் முழுக்க மடவை மீன்களின் கையில் இருந்தது. மீனுக்கு ஏது கை என்று கேட்பவர்கள் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட். அப்பா தணிக்கை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அமாவாசை வந்தால் வெங்காயக் கூடையைக்கூடத் துணி போட்டு மூடிவிடுவாள். இந்த வீட்டில் பிறந்த நான் விலங்கியல் படித்தேன். அதோடு விட்டேனா? கடலில் இருந்து அடையாறு முகத்துவாரத்துக்குள் வரும் மடவைக் குஞ்சுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டேன். பெண் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, "தண்ணியைப் பத்தி" என்பாள். பொய் என்று சொல்ல முடியாது. மீனைச் சுற்றித் தண்ணீர் இருக்கத்தானே செய்கிறது.

அம்மாவின் சட்டங்கள் கடுமையானவை. என் வாளி வாசற்படி தாண்டக் கூடாது. என் கைவலை பால்கனியில், அதுவும் எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்காத மூலையில், தொங்க வேண்டும். முகத்துவாரத்தில் இருந்து திரும்பினால் நேரே குளியலறை; தலைக்குக் குளித்த பிறகுதான் காபி. மழைக்காலத்தில் எனக்கு ஜலதோஷம் விட்டதே இல்லை. "மீன் பிடிக்கறவாளுக்குச் சளி பிடிக்கத்தான் செய்யும்" என்பாள், ஏதோ இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது போல.

அப்பா சட்டம் போடவில்லை. ஒப்பந்தம் போட்டார். "இந்தப் பங்குனிக்குள்ள உன் மீன் வேலை முடியணும். முடிஞ்சா நீ எழுது, டாக்டர் ஆகு, நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலேன்னா நியூ ஜெர்ஸி." நியூ ஜெர்ஸி என்றால் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒரு பையன். அவன் ஃபோட்டோ எங்கள் வீட்டு ஸ்வாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தது. எனக்கு அவன் மேல் ஒரு கோபமும் இல்லை. அங்கே போனால் அடையாறு இருக்காது, அவ்வளவுதான்.

மடவையின் வாழ்க்கை ரொம்ப எளிமையானது. கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நகத்தளவு வளர்ந்ததும், ஆறு கடலோடு கலக்கும் இடத்தைத் தேடிக் கரையோரமாக வரும். உப்பு குறைந்த, அலை இல்லாத கழிமுகத்தில் சேற்றைத் தின்று பெரிதாகும். பெரிதானதும் முட்டையிட மறுபடி கடலுக்குப் போகும். இதற்கெல்லாம் அதற்கு வேண்டியது திறந்திருக்கும் ஒரு கதவுதான். மார்கழியில் இருந்து மாசி வரைக்கும் அந்தக் கதவு வழியாக எத்தனை குஞ்சு எப்போது வருகிறது என்று எண்ணுவதுதான் என் ஆய்வு. முந்தைய பருவத்தில் எண்ணி முடித்திருந்தேன். இன்னொரு பருவம் பாக்கி.

அந்த வருஷம் பார்த்து ஐப்பசி, கார்த்திகை மழை கைவிரித்துவிட்டது. தெருவில் தண்ணீர் லாரி வந்தால் குடங்களோடு நாங்களும் ஓடினோம். மழை இல்லாத ஆற்றுக்கு மணலைத் தள்ளும் தெம்பு இல்லை. கடல் கொண்டுவந்து கொட்டிய மணல் அப்படியே நின்று, முகத்துவாரத்தின் குறுக்கே முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. கதவு சாத்தியாயிற்று. உள்ளே ஊர்ச் சாக்கடை மட்டும் வந்து சேர்ந்துகொண்டே இருந்ததால் தண்ணீர் மட்டம் ஏறி, நிறம் மாறி, மை போல ஆயிற்று. உள்ளே இருந்த பெரிய மடவைகள் காலை வேளையில் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தன. வெளியே கடலும் சரியில்லை. வழக்கமாக அந்த மாதங்களில் காலை வைத்தால் ஜில்லென்று இருக்கும். அந்த வருஷம் வெதுவெதுவென்று இருந்தது. போதாக்குறைக்குச் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன்கள் கரையெங்கும் ஒதுங்கிக் கிடந்தன.

என் குஞ்சுகள் வந்திருந்தன. அதுதான் வயிற்றெரிச்சல். மணல் திட்டுக்கு அந்தப் பக்கம், அலை உடையும் இடத்தில், கூட்டம் கூட்டமாக அலைந்துகொண்டிருந்தன. பெரிய மீன்கள் சாவகாசமாக வந்து அவற்றைத் தின்றுவிட்டுப் போயின. நான் கரையில் வாளியோடு நின்று பல்லைக் கடித்தேன்.

முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரம் குப்பத்தில் வீச்சு வலை போடுகிற ஒருவர் இருந்தார். முதல் நாளில் இருந்து அவருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார்.

"இன்னா பாப்பா, கதவு சாத்திகீது, நீ வாளி தூக்கிகினு வந்துகீற?"

"கடல் ஏண்ணே இப்படிச் சுடுது?"

"எல்லாம் இந்த டிஷ் ஆன்டனாதான். மாடிக்கு மாடி குடை கணக்கா கவுத்து வெச்சிகிறாங்களே, அத்தோட சூடு பூரா கடல்ல எறங்குது. மீனு இன்னா பண்ணும்? மெரினா பக்கம் சுண்டல் துன்னப் போய்க்கும்."

"நீங்கள்லாம் சேர்ந்து இந்த மண்ணை வெட்டிவிடக் கூடாதா?"

"அது கவுருமெண்டு மண்ணு. நான் தொட்டா என்னியத் தூக்கி உள்ள வெப்பான்" என்று சொல்லிவிட்டுப் படகு நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

சரி, கவர்ன்மெண்டிடமே கேட்போம் என்று கிளம்பினேன். ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், மணல் கடலில் இருந்து வந்ததால் அது கடல் விஷயம் என்றார்கள். கடலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், ஆறு தள்ளாததால் நின்ற மணல், ஆகவே ஆற்று விஷயம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மணல் எத்தனை லோடு வேணும்?" என்றார். கல்லூரிக்குப் போய் என் கைடிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பூஜ்யமும் ஒரு தரவுதாம்மா. ஆனா பூஜ்யத்தை வெச்சு மூணு அத்தியாயம் எழுத முடியாது" என்றார். மார்கழி போய்விட்டது. தையும் தேய்ந்துகொண்டிருந்தது. ஸ்வாமி அலமாரியில் நியூ ஜெர்ஸி சிரித்துக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் கொசு. ஆறு நின்றுபோனால் கொசு வராமல் என்ன செய்யும்? ராஜா அண்ணாமலைபுரம் மொத்தமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவத்திப் புகையில் இருமியது. ரங்கநாதன் தெருவில் கொசுவலைக்கு அடிதடி. நானும் அங்கே வலைத்துணி வாங்கப் போனேன், குஞ்சு பிடிக்கும் கைவலை கிழிந்துவிட்டது. கடைக்காரர், "கட்டில் எவ்ளோம்மா அகலம்?" என்று கேட்டார். "ஒரு சாண்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது அப்பா ஒரு கையால் பிசைந்து மறு கையால் கொசு அடித்துக்கொண்டிருந்தார். ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவே, "இதுக்கு ஒரு வழியே கிடையாதா?" என்று கடவுளைக் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

"ஏன் இல்லை? முகத்துவாரத்தைத் திறந்தா உப்புத்தண்ணி உள்ள வரும். தேங்கின தண்ணி ஓடிடும். கொசு போயிடும்."

இதில் பொய் ஏதும் இல்லை. உண்மையில் ஒரு பாதியை மட்டும் பரிமாறினேன், அவ்வளவுதான். அப்பாவின் கை பாதி அடியில் நின்றது.

அப்பாவுக்கு ஒரு நடைக் கோஷ்டி உண்டு. தினமும் காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடப்பவர்கள்; எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லாரும் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம், எல்லாருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அடுத்த நாளே அவர்கள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். மனு எழுதுவது இல்லை. நாமே வெட்டுவது. மண்வெட்டி, பழைய வாளி, கொட்டாங்கச்சி, ஒரு மாமா கொண்டுவந்த பேரனின் பிளாஸ்டிக் மணல் கரண்டி.

நான் தலைகீழாக நின்று சொன்னேன்: கடல் வற்றியிருக்கும் நேரத்தில் வெட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே உயர்ந்து நிற்கும் தண்ணீர் தானே பிய்த்துக்கொண்டு ஓடும். அமாவாசையன்று மதியம் வற்றம் நன்றாக இருக்கும் என்றேன். ஒரு மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "வியாழக்கிழமை அமாவாசை. ஒண்ணரைலேர்ந்து மூணு ராகு காலம். நீ சொல்ற நேரம் பூரா ராகு காலத்துல விழறது. யாராவது ராகு காலத்துல ஒரு வேலை ஆரம்பிப்பாளா?"

"மாமா, கடலுக்கு ராகு காலம் தெரியாது."

"நமக்குத் தெரியுமேம்மா" என்றார் அவர், என் மேல் இரக்கப்பட்டு.

ஆகவே புதன்கிழமை காலை, நல்ல நேரத்தில், பிள்ளையார் பிடித்து வைத்து, தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். அப்போது கடல் ஏற்றத்தில் இருந்தது. அவர்கள் வெட்டிய வாய்க்காலைக் கடல் ஒரே அலையில் மூடிவிட்டு, பிள்ளையாரையும் எடுத்துக்கொண்டு போயிற்று. வலைக்காரர் படகு நிழலில் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாமியே வேணாம்னு எறங்கிப் போய்ட்ச்சி பாரு நைனா!"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், விதிகளுக்கு நடுவே எங்கே சந்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "வேலையை இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு, நல்ல நேரத்துல. நாளைக்குப் பண்ணப்போறது ஆரம்பம் இல்லை, தொடர்ச்சி. தொடர்ச்சிக்கு ராகு காலம் கிடையாது" என்றார். கோஷ்டி யோசித்தது. ஒத்துக்கொண்டது.

அமாவாசை தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, தூக்கம் சொக்கும் கண்களோடு மதிய வெயிலில் வந்து வெட்டினார்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு, ஆளுக்கு நாலு கொட்டாங்கச்சி மண் அள்ளிவிட்டு மூச்சு வாங்கினார்கள். வலைக்காரர் சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. பாதி வாய்க்கால் ஆனதும் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு விசில் அடித்தார். நாலைந்து பேர் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். "பெருசுங்க ஆரம்பிச்சிட்டாங்க, நாம்ப முடிச்சு வுட்டா கேஸு நம்ம மேல வராதுடா" என்று அவர்களுக்குச் சட்ட விளக்கம் சொன்னார்.

முதலில் விரல் அகலத்துக்கு ஒரு கருப்பு நீர்க்கோடு மணலில் நெளிந்து போயிற்று. பிறகு அது கை அகலம் ஆனது. பிறகு நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். கரை இரண்டு பக்கமும் பொத்துப் பொத்தென்று விழுந்து, அத்தனை நாள் சாக்கடையும் ஆவேசமாகக் கடலைப் பார்த்துப் பாய்ந்தது. ஒரு மாமாவின் செருப்பு அதோடு போயிற்று. அவர் அதைக்கூடப் பொருட்படுத்தாமல் கைதட்டினார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. உள்ளே மூச்சுக்குத் தவித்துக் கிடந்த பெரிய மடவைகள் கடல் வாடை பட்டதும் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. வாய்க்காலின் வாயில் வலைக்காரர் தயாராக நின்றார். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. மணலில் வெள்ளி வெள்ளியாக மீன் துடித்தது. "அய்ருமாருங்க புண்ணியத்துல இன்னிக்கு ஊருக்கே மடவைக் கொழம்பு!" என்று மனதார வாழ்த்தினார். கோஷ்டி பேயறைந்தது போல நின்றது. ஒரு மாமா வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா சாப்பிடவில்லை. "தர்ப்பணம் பண்ணின கையால..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு முடிவைச் சொன்னார். "நாளைக்குக் காத்தால எல்லாருமா போய் அதை மூடிடப் போறோம். கொசு கடிச்சா கடிச்சுட்டுப் போறது. இந்தப் பாவம் வேண்டாம்."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த கரண்டியை வைத்த சத்தத்தில் அம்மா அடுக்களையில் இருந்து ஓடி வந்தாள்.

"மூடுங்கோ! நன்னா மூடுங்கோ! வெளியில என் குஞ்செல்லாம் கதவு திறக்குமான்னு ஒரு மாசமா காத்துண்டிருக்கு. நாளைக்குக் காத்தாலதான் முதல் முதலா உள்ள வரப்போறது. அதை எண்ணினாத்தான் எனக்கு ஆய்வு. எண்ணலேன்னா நியூ ஜெர்ஸி. கொசுவுக்காகத்தான் திறக்கச் சொன்னேன்னு நினைச்சியாப்பா? எனக்காகச் சொன்னேன்!"

"கல்யாணம்னா என்ன, தூக்குத் தண்டனையாடி?" என்றாள் அம்மா.

"எனக்கு இந்த வேலை வேணும்மா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை. இது வேணும்."

அழுதுவிட்டேன். எனக்கு அழுவது பிடிக்காது, அதனால் இன்னும் கோபம் வந்தது. அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார், சாப்பிடாத கையை.

மறுநாள் காலை நான் முன்னாலேயே போய் வாய்க்காலில் இறங்கிவிட்டேன். அது இரவோடு தணிந்து, முழங்கால் ஆழத்தில் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. கடல் ஏறி முடித்து, தண்ணீர் வெளியே திரும்பும் வேளை. கைவலையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடலோடு உள்ளே வந்த குஞ்சுகள் எங்கேயோ இருக்க வேண்டும். ஆனால் இழுப்பில் நிற்க முடியாமல் கலைந்து கலைந்து போயின. வலையில் மணல்தான் வந்தது. அந்தச் சமயத்தில் கோஷ்டி மண்வெட்டிகளோடு வந்து கரையில் வரிசையாக நின்றது. அப்பா மட்டும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தார். என்னைக் கையைப் பிடித்துக் கரையேற்றத்தான் வந்திருப்பார் என்று இன்னமும் நினைக்கிறேன்.

எனக்கு எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார். நான் கத்தினேன்.

"அசையாதப்பா!"

அவர் காலைச் சுற்றி ஓடிய தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் சும்மா நின்றது. அந்த அமைதியான தண்ணீரில் நகத்தளவு நகத்தளவாக, கண்ணாடி போல, என் மடவைக் குஞ்சுகள் மூக்கை ஒரே திசையில் வைத்துக்கொண்டு ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தன. வர வரச் சேர்ந்துகொண்டே இருந்தன. எதிர்த்து நீந்திக் களைத்தவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிற மாதிரி அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தன.

அப்பா மெல்லக் குனிந்து, இரண்டு காலுக்கு நடுவே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதாம்பா."

"இத்தனூண்டா? இதுக்கா அத்தனை ஆகாத்தியம்?"

"ஆமாம்."

கரையில் இருந்து ஒரு மாமா, "என்ன ஓய், மூடலாமா?" என்று கேட்டார். அப்பா திரும்பவில்லை. திரும்பினால் தண்ணீர் கலங்கும் என்று அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கழுத்தை மட்டும் தூக்கி உரக்கச் சொன்னார். "இருங்கோ ஓய். நேத்திக்கு நாம ஒரு பக்கக் கணக்கைத்தான் பார்த்திருக்கோம். வெளியில போனது கூடையில அடங்கறது. உள்ள வர்றது கணக்குலயே அடங்காது. மூடினா இதெல்லாம் வாசல்லயே செத்துப்போகும், அந்தப் பாவம் யார் தலையில? ரெண்டையும் எதிரும் புதிருமா வெச்சுப் பார்த்தா புண்ணியம்தான் நிக்கறது. நான் தணிக்கை பண்ணிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "எண்ணு. நிக்கறேன்" என்றார்.

எண்ணினேன். கண் மறைத்ததால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. என் கைடு முதல் மாதிரியைப் பார்த்து மகிழ்ந்து, எப்படி எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "முறையை நடுவுல மாத்தக் கூடாதும்மா. பருவம் முடியற வரைக்கும் அதே இடம், அதே ஏற்ற வற்றம், அதே தடுப்பு."

"தடுப்பு எங்கப்பா, சார்."

"அதே அப்பா" என்றார்.

ஆகவே மாசி முழுக்க, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், தணிக்கை அலுவலகத்து ஓய்வூதியர் ஒருவர் அடையாறு முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றார். நிற்கும் நேரத்தில் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டார். வலைக்காரர் அந்தப் பக்கம் வலை போட வந்தால், "குழந்தைகள் வர்ற நேரம், தள்ளிப் போய்ப் போடுப்பா" என்பார். "சின்னது போனாதான நைனா நாளைக்குப் பெருசு? எனுக்குத் தெரியாதா? நான் இன்னா லூசா?" என்று அவர் தள்ளிப் போவார். கொஞ்ச நாளில் அப்பா நிற்கும்போது அவர் அப்பாவுக்குக் குடை பிடிக்கவும் ஆரம்பித்தார். குடையின் நிழல் தண்ணீரில் விழுந்தால் குஞ்சு பயப்படும் என்று நான்தான் அதை நிறுத்தினேன்.

அம்மா மட்டும் கை விடவில்லை. பையன் லீவில் வந்திருக்கிறான், பார்த்துவிட்டுப் போகட்டுமே, பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்றாள். தி. நகரில் எனக்குப் புடவை வாங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. அன்று பௌர்ணமி வேளை, ஆகவே காலையில் நானும் அப்பாவும் முகத்துவாரத்துக்குப் போனோம். நாங்கள் கிளம்பிய பிறகு ஃபோன் வந்திருக்கிறது. பையனின் டிக்கெட் மாறிவிட்டது, அன்றைக்கே ஊருக்குக் கிளம்ப வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் வருகிறது, அதற்குள் வந்துவிடுகிறோம். அம்மா விழுந்தடித்துக்கொண்டு சொஜ்ஜி கிளறினாள். அவர்கள் வந்தார்கள். பெண்ணும் இல்லை, பெண்ணின் அப்பாவும் இல்லை. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "எங்கே இருக்கா, நாமளே போயிடலாம்" என்று பையனின் அப்பா சொல்லிவிட்டார். அம்மா சொஜ்ஜித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் காரிலேயே ஏறிவிட்டாள்.

நான் பார்த்தபோது, மணலில் பட்டு அங்கவஸ்திரம் பறக்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு மாமி. அவளுக்குப் பின்னால் வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் மண் புகுந்து தடுமாறும் ஸ்வாமி அலமாரி ஃபோட்டோ. கடைசியில், தூக்கோடு அம்மா. அவள் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

பெண் வீட்டார் வாசலுக்குப் போய், நாலு அடி முன்னால் நடந்து, கை கூப்பி அழைத்து வர வேண்டும். அது தெரியாத தகப்பன் எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம், அந்தப் பருவத்திலேயே பெரிய கூட்டம் அவர் காலுக்குப் பின்னால் சேர்ந்திருந்தது. நான் பாதி எண்ணிக்கையில் இருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் மறுபடி தண்ணீரைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

அப்பா நின்ற இடத்திலேயே கை கூப்பினார். "வாங்கோ, வாங்கோ! அங்கேயே இருங்கோ. குழந்தைகள் வந்துண்டிருக்கு, ரெண்டு நிமிஷம்."

இதைச் சொல்லும்போதுதான் ஒரு சொறி மிதந்து வந்து அவர் முழங்காலில் உரசியது. அது பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். அப்பா காலை அசைக்கவில்லை. முகம் மட்டும் கோணிக்கோணிப் போயிற்று, பல் தெரிந்தது, கண் மேலே சொருகியது. பையனின் அப்பா அது தனக்குக் காட்டப்பட்ட முகம் என்று எடுத்துக்கொண்டார்.

"சம்பந்தம் பேச வந்தவாளைக் கரையேறிக்கூடக் கூப்பிட மாட்டேளா?"

"அசையக் கூடாது" என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. "பொண்ணு சொல்லியிருக்கா."

பையன் நல்லவன்தான். கரையோரம் வந்து நின்று, "எவ்வளவு நேரம் நிக்கணும் அங்கிள்?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டான்.

"அவ போறும்னு சொல்ற வரைக்கும்" என்றார் அப்பா.

அவர்கள் போய்விட்டார்கள். சொஜ்ஜியை வலைக்காரர் குடும்பம் சாப்பிட்டது. "நெய்யி ஜாஸ்திம்மா" என்று அம்மாவிடம் குறை வேறு சொன்னார். அம்மா அப்பாவின் காலுக்கு மஞ்சள் பற்று போட்டாள், மூன்று நாள் பேசாமல். அவளுக்கு எத்தனை வருத்தம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சித்திரை பிறப்பதற்குள் கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து கதவைச் சாத்தியது. அதற்குள் என் குஞ்சுகள் உள்ளே வந்துவிட்டிருந்தன.

ஆய்வேட்டை எழுதும்போது எப்படி எழுதுவது என்று தெரியாமல், மாதிரி எடுத்த இடம் "வாய்க்காலின் நடுவில் உள்ள இரு செங்குத்துத் தூண்களின் பின்புறத் தேங்குநீர்" என்று எழுதிவைத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்தத் தூண்களால்தான் உங்களுக்கு இவ்வளவு நல்ல எண்ணிக்கை கிடைத்திருக்கிறது. இவை எதனால் ஆனவை? இன்னும் இருக்கின்றனவா? வேறொருவர் போய் அதே இடத்தில் திரும்ப எண்ண முடியுமா?"

அரங்கில் யாரோ இருமினார்கள். என் கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இருக்கு, சார்" என்றேன். "ஆனா வேற யார் போனாலும் நிக்காது. எனக்கு மட்டும்தான் நிக்கும்."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் கடைசி வரிசையைக் காட்டினேன். அங்கே அப்பா மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் திரும்பியதும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னிலையில், பழக்கத்தில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு அசையாமல் நின்றார்.